குரலைப் பிடிக்க ஒரு லேப்டாப்!

- மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவு



"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுப்பா" என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, கவிதை எழுதலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். ஆனால் நம் கல்லூரியில் கவிஞர்களுக்குப் பஞ்சமே இல்லை! லேப்டாப் வாங்கி ஏமாந்தவர்களும் ஏராளம். ஆனால் அவர்கள் யாரும் வாயைத் திறப்பதில்லை. நான் திறந்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

"கையில முப்பதாயிரம்தான் இருக்கு. வீட்டுல பாட்டு ரிக்கார்ட் பண்ண எந்த லேப்டாப் வாங்கலாம்?" என்று இந்த வருஷம் மட்டும் பத்துப் பேராவது என்னைக் கேட்டிருப்பார்கள். அவர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து இதுதான் பதில். முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நான் ஏமாந்த கதை

இரண்டு கோடை விடுமுறை ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங், பேக்கிங் என்று நின்று சம்பாதித்த பணம். சனிக்கிழமை சம்பளத்தில் பாதியை அம்மா தனியாக எடுத்து வைத்தார். "கேமிங் லேப்டாப்தான்டா ரிக்கார்டிங்குக்குச் சரி. தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கு, பறக்கும்!" என்றான் ஒரு நண்பன். பழைய கேமிங் லேப்டாப் ஒன்றை வாங்கினேன். பறந்தது உண்மைதான். உள்ளே இருந்த விசிறி, விமானம் கிளம்புகிற மாதிரியே சத்தம் போட்டது!

காங்கயம் பக்கம் அம்மா ஊரில் என் அம்மிச்சி இருக்கிறார். கும்மிப் பாட்டு, களை வெட்டுகிறபோது பாடும் பாட்டு, தாலாட்டு என்று அவருக்குத் தெரிந்ததில் பாதி எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவருடைய அம்மா பாடக் கேட்டு மனசில் வாங்கியது. பொங்கல் லீவில் ஒரு மைக்கைக் கடன் வாங்கிக்கொண்டு போய்த் திண்ணையில் உட்கார வைத்தேன். "ஏஞ்சாமி, அந்தப் பொட்டி என்னமோ உஸ்ஸு உஸ்ஸுங்குதே, அதும் எங்கூடப் பாடுதா?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஏழு பாட்டுப் பாடினார்.

ராத்திரி ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். பாட்டு முழுக்க விசிறிச் சத்தம். அது போதாதென்று, அங்கங்கே 'டிக், டிக்' என்று வெட்டு வேறு. சரி, அடுத்த லீவில் நல்லா எடுத்துக்கலாம் என்று விட்டுவிட்டேன். ஆடி மாசம் அம்மிச்சிக்கு வாதம் வந்து பேச்சுக் குழறிப் போயிற்று. இப்போது அவரால் பாட முடியாது. அந்த ஏழு பாட்டும் எங்களிடம் இருப்பது அந்த 'டிக், டிக்'கோடு மட்டும்தான்.

ஆக, நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. ரிக்கார்டிங்குக்கு வேகமான லேப்டாப் வேண்டியதில்லை. சத்தம் போடாத, திக்காத லேப்டாப் போதும். அது விலை உயர்ந்ததாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஏன் என்று பார்ப்போம்.

வீட்டு ரிக்கார்டிங் புதுசா?

இல்லவே இல்லை. நம் மாவட்டத்திலேயே ஒரு பெரிய முன்னுதாரணம் இருக்கிறது. 1960-களின் நடுவில் பிரெண்டா பெக் என்ற மானிடவியல் ஆய்வாளர் காங்கயம் பக்கம் ஓலப்பாளையம் கிராமத்தில் வந்து தங்கினார். பின்னாளில் கனடாவில் பேராசிரியராக இருந்தவர். அன்றைக்கு இது கோவை மாவட்டம். திருப்பூர் தனி மாவட்டமானது 2009-ல்தான். உடுக்கை அடித்துப் பாடும் அண்ணன்மார் கதையை, அதாவது நம் பொன்னர் சங்கர் கதையை, அவர் 1965-ல் பல இரவுகள் உட்கார்ந்து டேப் ரிக்கார்டரில் பதிவு செய்தார். அவர் திரட்டிய கதையைச் சென்னையிலுள்ள ஆசியவியல் நிறுவனம் 1992-ல் இரண்டு பகுதிகளாக வெளியிட்டது. பிறகு அது 26 பகுதி அனிமேஷன் தொடராகவும் வந்தது. அன்றைக்கு ஒரு கிராமத்துக்கு டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வருவது எவ்வளவு சிரமம் என்று யோசித்துப் பாருங்கள்! பாடுகிறவர் பாடக்கூடிய காலத்தில் போய் உட்கார்ந்ததுதான் அதில் முக்கியம்.

சினிமாவுக்கு வருவோம். ஏ.ஆர். ரகுமான் 1989-ல் கோடம்பாக்கம் வீட்டை ஒட்டித்தான் 'பஞ்சதன் ரிக்கார்ட் இன்' ஒலிப்பதிவுக் கூடத்தைத் தொடங்கினார். 1992-ல் 'ரோஜா' வந்தது, தேசிய விருதும் வந்தது. அமெரிக்காவில் பில்லி ஐலிஷ் என்ற பெண்ணும் அவர் அண்ணன் ஃபின்னியாஸும் பெற்றோர் வீட்டுப் படுக்கையறையில் பதிவு செய்து 2019-ல் வெளியிட்ட ஆல்பம், 2020-ல் கிராமி விருது வாங்கியது. வீட்டில் நல்ல பதிவு செய்ய முடியுமா என்ற கேள்விக்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாமே!

லேப்டாப்புக்குள் என்ன நடக்கிறது?

நிட்டிங் மெஷினைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டால் நீங்கள் திருப்பூரில் படிக்கிறீர்கள் என்றே சொல்லக் கூடாது! கோனிலிருந்து வரும் நூல் நேராக ஊசிக்குப் போவதில்லை. நடுவில் ஃபீடரில் சில சுற்று நூல் சேர்ந்து நிற்கும். கோனில் ஒரு நொடி இழுப்பு இருந்தாலும் ஊசிக்கு நூல் தடைபடாது. அந்தக் கையிருப்பும் தீர்ந்தால்? ஊசி வெறுமனே போய் வரும், துணியில் ஓட்டை விழும்.

கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். மைக்கில் வரும் ஒலியை வினாடிக்கு 48,000 தடவை அளந்து எண்ணாக மாற்றுகிறார்கள் (சி.டி.யில் 44,100 தடவை). இந்த எண்கள் சேர்ந்து நிற்கும் 'ஃபீடருக்கு' பஃபர் என்று பெயர். பிராசசர் வேறு வேலையில் மாட்டிக்கொண்டு பஃபரைக் கவனிக்க நேரமாகிவிட்டால், இடையில் சில எண்கள் தொலைந்து போகும். அதுதான் அந்த 'டிக்'. துணி ஓட்டையையாவது தைத்துவிடலாம். தொலைந்த குரலைத் தைக்க முடியாது.

அப்படியானால் பஃபரைப் பெரிதாக வைத்தால் என்ன? வைக்கலாம். ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. பஃபர் 256 என்றால் ஏறக்குறைய 5 மில்லி செகண்ட் தாமதம். 1024 என்றால் 21 மில்லி செகண்ட். ஏழு மீட்டர் தள்ளி நிற்பவர் பாடுவது நம் காதுக்கு வர அவ்வளவு நேரம் ஆகும். நம் குரலே ஹெட்போனில் அத்தனை தாமதமாக வந்தால் தாளம் தப்பிவிடும். இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற சின்னப் பெட்டியில் 'டைரக்ட் மானிட்டர்' வசதி இருந்தால், குரல் லேப்டாப்புக்குள் போய்ச் சுற்றாமல் நேராக ஹெட்போனுக்கு வந்துவிடும். பஃபரைத் தாராளமாகப் பெரிதாக வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். 24 பிட், 48,000 அளவில் ஒரு மைக்கின் பதிவு நிமிஷத்துக்கு 8.64 எம்.பி. ஒரு மணி நேரத்துக்கு 520 எம்.பி.கூட இல்லை. இது இன்றைய லேப்டாப்புக்குப் பெரிய சுமையா என்ன? பதிவு செய்வது சின்ன வேலை. பிறகு இருபது ட்ராக் போட்டு, எக்கோ, கம்ப்ரஸர் என்று பிளக்-இன்களை அடுக்கும்போதுதான் பிராசசர் திணறும். அதை நிதானமாகச் செய்துகொள்ளலாம்.

எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

1. பிராசசர்: 'ஐ5' என்ற பெயரை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். எத்தனையாவது தலைமுறை என்று கேளுங்கள். ஆறாம் தலைமுறை ஐ5-ஐ விட 12-ஆம் தலைமுறை ஐ3 வேகமானது. ஏ.எம்.டி.யிலும் ஒரு பொடி வைத்திருக்கிறார்கள். ரைசன் 5 7520யு என்ற எண்ணைப் பார்த்தால் புத்தம் புதுசு என்று தோன்றும். உள்ளே இருப்பது 2019-ல் வந்த ஜென் 2 வடிவமைப்பு. 7000 வரிசையில் மூன்றாவது எண்ணைப் பாருங்கள்: 2 என்றால் ஜென் 2, 3 என்றால் ஜென் 3, 4 என்றால் ஜென் 4. செலரான் மெஷினை ஒரே ஒரு மைக் பதிவுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம், மிக்ஸிங்குக்குத் தாங்காது.

2. ராம்: 8 ஜி.பி. குறைந்தபட்சம். 16 இருந்தால் நிம்மதி. அதைவிட முக்கியம், பிறகு சேர்க்க ஸ்லாட் இருக்கிறதா என்பது. சில மாடல்களில் ராமைப் போர்டோடு பற்ற வைத்துவிடுகிறார்கள். அதில் வாங்கினது வாங்கினதுதான்.

3. எஸ்.எஸ்.டி.: 256 ஜி.பி. போதும், 512 நல்லது. 'இ.எம்.எம்.சி.' என்று போட்டிருந்தால் வேண்டாம், அது மெதுவானது. சுழலும் ஹார்டு டிஸ்க் மட்டும் உள்ள மெஷினும் வேண்டாம். அது வேகத்திலும் பின்தங்கும், கரகர சத்தமும் போடும்.

4. விசிறி: விளம்பரத்தில் யாரும் சொல்லாத சங்கதி இது. தனி கிராபிக்ஸ் கார்டுக்கு ஒலிப்பதிவில் ஏறக்குறைய வேலையே கிடையாது. அது சூடாகும், விசிறி கத்தும், அந்தக் காசும் வீண். ஆப்பிள் மேக்புக் ஏர் எம்1 (2020) மாடலில் விசிறியே இல்லை. நல்ல நிலையில் பழையது கிடைத்தால் யோசிக்கலாம். ராம் மட்டும் பிறகு கூட்ட முடியாது.

5. யு.எஸ்.பி.: குறைந்தது இரண்டு. இன்டர்ஃபேஸுக்கு ஒன்று, பதிவை நகல் எடுக்க ஒன்று.

6. பேட்டரி: நல்ல பேட்டரி மின்வெட்டுக்கு மட்டும் அல்ல. எர்த் சரியில்லாத வீடுகளில் சார்ஜர் மாட்டினாலே பதிவில் 'ம்ம்ம்' என்று 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வரும். சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் எடுத்துப் பாருங்கள், பல நேரம் போய்விடும்.

பழசு வாங்கலாமா?

தாராளமாக! ஆபீசுகளில் ஓடி, புதுப்பித்து வரும் திங்க்பேட், லாட்டிட்யூட் வகை லேப்டாப்புகள் நம் பட்ஜெட்டுக்கு ஏற்றவை. கட்டுமானம் உறுதி. திங்க்பேட் டி480, லாட்டிட்யூட் 7490 போன்றவற்றில் ராமுக்கு இரண்டு ஸ்லாட் உண்டு. ஒரே நிபந்தனை: இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பது பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான்.

அண்ணன், அக்காவுக்கு அரசு கொடுத்த லேப்டாப் வீட்டு பீரோவுக்குள் தூங்குகிறதா? 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்ததைத்தான் சொல்கிறேன். தூக்கிப் போட வேண்டாம். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி ஒரு சின்ன எஸ்.எஸ்.டி. போட்டு, முடிந்த வரை ராமைக் கூட்டி, இலேசான லினக்ஸ் ஒன்றை ஏற்றினால், ஒரு மைக்கில் ஒரு குரலை எடுக்க அது போதும்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

"பாத்துட்டு எடுத்துக்கிறேங்க" என்று தைரியமாகக் கேளுங்கள். பத்து நிமிஷம் வீடியோ ஓடவிட்டு, அதன் பக்கத்தில் காதை வையுங்கள். உஸ் சத்தம் வந்தால் வைத்துவிட்டு வாருங்கள். பென் டிரைவில் லேட்டன்சிமான் என்ற இலவசப் புரோகிராமைக் கொண்டு போய் ஓட்டுங்கள். இந்த மெஷின் ஒலியைத் திக்காமல் கையாளுமா என்று அதுவே சொல்லிவிடும். சிவப்பு எழுத்து வந்தால் வைஃபையை அணைத்துவிட்டு இன்னொரு முறை பாருங்கள். பல மெஷின்களில் குற்றவாளி வைஃபை டிரைவர்தான். அப்படியானால் பதிவு நேரத்தில் வைஃபை, புளூடூத் இரண்டையும் அணைத்துவிட்டால் தீர்ந்தது. நான் இந்தச் சோதனையைச் செய்திருந்தால் அம்மிச்சி பாட்டில் அந்த 'டிக்' விழுந்திருக்காது.

லேப்டாப்போடு முடியவில்லை!

கையில் உள்ள பணத்தைப் பத்துப் பங்காகப் போடுங்கள். ஆறு பங்கு லேப்டாப்புக்கு. மிச்சம் நாலு பங்கு மைக், இன்டர்ஃபேஸ், ஹெட்போனுக்கு. முழுப் பணத்தையும் லேப்டாப்பில் கொட்டிவிட்டு, அதிலேயே இருக்கும் பொட்டு மைக்கில் பாடினால் பயன் இல்லை.

கன்டென்சர் மைக் ஊசி விழுந்தாலும் கேட்கும். பக்கத்துத் தெரு கம்ப்ரஸரையும் சேர்த்தே கேட்கும்! நம் ஊர் வீடுகளுக்கு, வாயருகே வைத்துப் பாடும் டைனமிக் மைக்தான் தோது. மேடைகளில் பார்க்கும் ஷூர் எஸ்.எம்.58 அந்த ரகம்தான், 1966 முதல் இருக்கிறது. அதே வகையில் விலை குறைந்தவையும் உண்டு. எக்ஸ்.எல்.ஆர். கேபிள் ஐந்து மீட்டர் வாங்கிக்கொண்டால் லேப்டாப்பை அடுத்த ரூமிலேயே வைத்துவிடலாம். விசிறிப் பிரச்சினைக்கு இதைவிட மலிவான மருந்து கிடையாது. ஹெட்போன் வயர் வைத்ததாக இருக்கட்டும். புளூடூத்தில் தாமதம் வரும்.

அறை எதிரொலிக்கிறதா? அதற்கு நம் ஊரில் வைத்தியம் மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது. பனியன் கட்டிங் வேஸ்ட்தான்! சாக்கில் அடைத்துச் சுவரோரம் அடுக்கி, பாடுகிறவர் முன்னாலும் பக்கவாட்டிலும் ஒரு மெத்தையை நிறுத்தினால் எதிரொலி அடங்கும். (பல்பு, பிளக் பாயிண்ட் பக்கம் வேண்டாம், பஞ்சு பற்றிக்கொள்ளும்.) ஆனால் ஒன்று. இது உள்ளே இருக்கும் எதிரொலியைக் குடிக்கும், வெளிச்சத்தத்தைத் தடுக்காது. தறிச் சத்தமும் நிட்டிங் சத்தமும் நிற்க ஒரே வழி, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை எழுவதுதான்!

சாஃப்ட்வேருக்குச் செலவே வேண்டாம். அடாசிட்டி இலவசம். கொஞ்சம் பழகிய பிறகு ரீப்பர். அறுபது நாள் ஓட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுக்கலாம். பழைய மெஷினிலும் இலேசாக ஓடும். 24 பிட் வேவ் ஃபைலாகச் சேமியுங்கள், எம்பி3-யாக அல்ல. ஒலி அளவு உச்சத்தில் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். எடுத்த அன்றைக்கே இரண்டு நகல் வேறு வேறு இடத்தில் வைத்துவிடுங்கள்.

"விசிறிச் சத்தத்தைச் சாஃப்ட்வேரிலேயே எடுத்துடலாமே?" என்று கேட்பீர்கள். எடுத்துப் பார்த்தேன். இரைச்சல் குறைந்தது. கூடவே அம்மிச்சி குரல் தண்ணிக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி ஆகிவிட்டது. பேசாமல் பழையபடியே வைத்துவிட்டேன்.

முடிவாக ஒன்று

நண்பர்களே, லேப்டாப் வாங்கப் பணம் சேரும் வரை காத்திருக்காதீர்கள். இன்றைக்கே வேண்டுமானால் கையில் இருக்கும் செல்போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, ஃபேனை நிறுத்திவிட்டு, பாடுகிறவர் பக்கத்தில் ஒரு துண்டை மடித்து அதன் மேல் வைத்துப் பதிவு செய்யுங்கள். சுமாரான பதிவு இருப்பது, பதிவே இல்லாமல் போவதைவிட எவ்வளவோ மேல். லேப்டாப் அடுத்த வருஷமும் கடையில் கிடைக்கும், விலையும் குறையலாம். குரல் அப்படிக் காத்திருக்காது.

போன ஞாயிறு ஊருக்குப் போயிருந்தேன். கட்டிலில் படுத்திருந்த அம்மிச்சிக்கு அந்தக் கும்மிப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். வலக்கை அசையவில்லை, இடக்கையால் கட்டில் சட்டத்தில் தாளம் போட்டார். 'டிக்' என்று வெட்டு வந்த இடத்திலும் தாளம் நிற்கவில்லை. விட்டுப்போன சொல் அவருக்கு உள்ளேயே இருக்கிறது. எனக்குத்தான் தெரியாது.

உங்கள் வீட்டிலும் ஒரு அம்மிச்சியோ, உடுக்கை அடிக்கும் பெரியப்பாவோ, ஒயிலாட்டம் சொல்லித் தரும் வாத்தியாரோ இருப்பார். வர்ற லீவுக்குள் பதிவு செய்துவிடுங்கள். மைக் இல்லையென்றால் எங்கள் பிரிவு லேப் பக்கம் வந்து என்னைப் பாருங்கள். இப்போது என்னிடம் சொந்தமாக ஒரு மைக் இருக்கிறது. கடனாகத் தருகிறேன்.

வாடகை வேண்டாம், எடுத்த பாட்டை எனக்கும் ஒரு தடவை போட்டுக் காட்டினால் போதும்!